போறும்

அந்த நடன ஒத்திகையில் நடந்ததை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன்.

1. ஹெட்செட்டில் பேட்டரி தீர்ந்துபோயிருந்தது. அதனால் அக்கா எனக்கு மட்டும் சொல்ல வேண்டியதை வாய்விட்டுச் சொல்ல நேர்ந்தது.

2. மேடையில், குழுவுக்குப் புதிதாக வந்திருந்த பெண், இல்லாத ஒரு கதவின் இரண்டு பக்கங்களையும் பிடித்தபடி நின்றாள். அடுத்து அவள் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட வேண்டும். நடனம் அங்கே முடியும்.

3. அவள் கைகள் அசையும் முன் அக்கா "போறும்" என்றாள். விளக்கை இறக்கு என்று எனக்குக் கொடுத்த குறிப்பு அது.

4. நான் இறக்கினேன்.

5. அந்தப் பெண் கதவைச் சாத்தவில்லை. கைகளை அப்படியே வைத்துக்கொண்டு, தலையை மட்டும் திருப்பித் தெருப்பக்கம் பார்த்தாள். மேடை இருண்டது.

6. "யாருடி உன்னைத் திரும்பச் சொன்னா?" என்று அக்கா தமிழில் கத்தினாள். இருட்டுக்குள்ளிருந்து மலையாளத்தில் பதில் வந்தது: "சேச்சியல்லே பறஞ்ஞது, போரும்னு?" அக்காதானே சொன்னீர்கள் என்கிறாள்.

7. அக்கா சிரித்தாள். சிரிப்பைப் பாதியில் நிறுத்தினாள். அன்று மேற்கொண்டு ஒத்திகை நடக்கவில்லை.

திருவனந்தபுரத்தில், வலியசாலை அக்ரஹாரத் தெருக்களின் வீட்டுத் தமிழில் 'போறும்' என்றால் போதும், நிறுத்து. மலையாளத்தில் 'போரும்' என்றால் வந்துவிடுவாள், கூடவே வந்துவிடுவாள். எழுதினால்தான் ற வேறு, ர வேறு. அக்கா "நிறுத்து" என்று சொன்னது அந்தப் பெண்ணுக்கு, நடனத்தில் வீட்டை விட்டுப் போனவளைப் பற்றி, "அவள் வருவாள்" என்று கேட்டிருக்கிறது. வருவாள் என்று தெரிந்த பிறகு யார் கதவைச் சாத்துவார்கள்? அவள் செய்தது சரிதான்.

எங்கள் வீடு பக்கத்தில் ஆரியசாலையில். என் அப்பாவுக்குப் பருப்பு மொத்த வியாபாரம். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். எங்கள் வீட்டில் போதும் என்றால் போதும்தான். 'போறும்' என்ற சொல்லை நான் வலியசாலைக்காரியான அக்காவிடமிருந்துதான் தெரிந்துகொண்டேன். மின்பொறியியல் முடித்து, கட்டடங்களுக்கு வயரிங் திட்டம் போடும் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், மாலை நேரங்களில் அக்காவின் நடனக் குழுவுக்கு மேடை விளக்குகளைப் பார்த்துக்கொண்டேன். அக்கா என்று கூப்பிட்டாலும் உறவில்லை; என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவள். அவள் மேடையில் ஆடியதை நான் பார்த்ததே இல்லை. மற்றவர்கள் ஆட வேண்டியதை அவள் யோசித்து அமைப்பாள். ஆடுபவர்கள் எல்லாரும் மலையாளிகள். அவர்களை நிறுத்த, மலையாளத்தில் "மதி" என்பாள். என்னிடமும் தன்னிடமும் மட்டும் "போறும்".

எதையும் முடிவதற்கு ஒரு பிடி முன்னால் நிறுத்துவது அவள் குணம். காபியை அரை டம்ளர் ஊற்றுவதற்குள் கை குறுக்கே வரும். போனில் பேசிக்கொண்டே இருப்பாள். நான் "அப்ப சரிக்கா" என்று ஆரம்பித்தால் எதிர்முனையில் ஆள் இருக்க மாட்டாள். சண்டையிலும் அப்படித்தான். மிருதங்கக்காரர் ஒருமுறை தாளக் கட்டை முடித்துவைக்கும் தீர்மானத்தை முடிக்க விடவில்லை என்று கோபித்துக்கொண்டார்.

"சேச்சி, தாளம் தீர்ந்நில்லல்லோ."

"தீர வேண்டாம்."

"பின்னே ஆளுகள் எந்து விசாரிக்கும்?"

"அதைத்தான் யோசிக்கட்டும்கறேன். முழுசாச் சொல்லி முடிச்சா ஜனங்க குடையைத் தேட ஆரம்பிச்சுடுவா."

அவருக்கு அது பாதிதான் புரிந்தது. ஆனால் பாதியில் நிறுத்தி வாசித்தார். அரங்கத்தில் யாரும் குடையைத் தேடவில்லை. திருவனந்தபுரத்தில், அதுவும் மழைக்காலத்தில், இது சிறிய விஷயம் இல்லை.

நடனம் கதை சொல்வது முகத்தால் என்று நான் நினைத்திருந்தேன். என் விளக்குகளை எல்லாம் முகத்துக்குத்தான் திருப்பி வைத்திருந்தேன். முதல் நாளே அக்கா ஏணியில் ஏறி, அவற்றைக் கைகள் இருக்கும் உயரத்துக்கு இறக்கினாள்.

"முகத்தால அழுதா அவ அழறா. கையால அழுதா பாக்கறவா அழுவா."

"கை எப்படிக்கா அழும்?"

"பாரு."

அப்போது அவள் அமைத்துக்கொண்டிருந்த நடனத்தில் பாட்டு கிடையாது. மிருதங்கமும் புல்லாங்குழலும் மட்டும். ஒரு வீட்டில் இரண்டு சகோதரிகள். அக்காக்காரி தங்கைக்குப் பின்னல் போட்டுவிடுகிறாள். மூன்று கால் எடுத்து, மாற்றி மாற்றிப் போட்டு, நடுவில் தலையில் ஒரு குட்டு. தங்கை நெளிகிறாள், சிரிக்கிறாள். அப்புறம் எழுந்து போகிறாள். ஓடவில்லை, ஒரு தரம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை, சும்மா எழுந்து மேடையை விட்டு நடந்து போய்விடுகிறாள். அக்காக்காரியின் விரல்கள் தொடர்ந்து பின்னுகின்றன. மூன்று கால், மாற்றி மாற்றி. அந்த இடத்தில் கூந்தல் இல்லை. நுனிவரை பின்னி, ரிப்பன் கட்டி முடித்த பிறகுதான் கை காலியாக இருப்பது கைக்கே தெரிகிறது.

ஒத்திகையில் இதை முதலில் பார்த்தபோது நான் என் தாளில் குறிப்பு எழுத வேண்டிய இடத்தில் எழுதவில்லை.

அடுத்தது பந்தி. அக்காக்காரி வரிசையாக இலை போடுகிறாள். குனிந்து பரிமாறிக்கொண்டே போகிறாள். கடைசி இலைக்கு ஆள் இல்லை. அங்கும் பரிமாறுகிறாள். கை போகும் வழியில் கண் போக வேண்டும் என்பது நடனம் படிக்கும் எல்லாருக்கும் முதல் பாடம். அக்கா அந்த ஓர் இலைக்கு மட்டும் அதைத் தலைகீழாக்கினாள். கை கடைசி இலைக்குப் போகும். கண் போகக் கூடாது. கண் முந்தைய இலைகளில் உட்கார்ந்திருப்பவர்களிடமே இருக்கும். அவ்வளவுதான் மாற்றம். அந்த இலையில் யார் உட்கார வேண்டியவள் என்று அரங்கத்தின் கடைசி நாற்காலிக்கும் தெரிந்துவிடும். விளக்கு மேடையிலிருந்து பார்க்கும் எனக்கு இது நன்றாகத் தெரியும்: அந்த இடத்தில் தலைகள் எல்லாம் ஒரே நேரத்தில் சற்று முன்னால் வரும்.

கதை எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்தது வேறு வழியாக.

ஒத்திகை முடிந்து அக்காவை என் ஸ்கூட்டரில் கொண்டுவிடுவேன். வீட்டுக்கு நாலைந்து வீடு முன்னாலேயே "போறும், இங்கேயே நிறுத்து" என்பாள். ஆட்டோவில் வந்தாலும் அப்படித்தான். ஆட்டோக்காரர்கள், "சேச்சிடெ வீடு அவிடெயல்லே?" என்று கேட்டுச் சலித்துவிட்டார்கள். இதையும் அவள் குணத்தோடு சேர்த்துவிட்டேன். காபியைப் பாதியில் நிறுத்துபவள் வண்டியையும் முன்னாலேயே நிறுத்துவாள்.

ஒரு மாலை மழை கொட்டியது. நான் அவள் பேச்சைக் கேட்காமல் வண்டியை வாசலிலேயே கொண்டு நிறுத்தினேன். வண்டி நின்ற சத்தத்தில் கதவு திறந்தது. அக்காவின் அப்பா வெளியே வந்தார். அரசு அலுவலகத்தில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். துண்டில்லாமல் வாசலுக்கு வராதவர். அன்று துண்டில்லை. கையில் குடையை விரித்துப் பிடித்தபடி இரண்டு படி இறங்கிவிட்டார். பின்னால் இருந்தவளை அவர் பார்க்கவில்லை. ரெயின்கோட்டும் ஹெல்மெட்டுமாக இருந்த என் முகத்தைத் தேடினார். நான் ஹெல்மெட்டைக் கழற்றினேன்.

"ஓ, நீயா" என்றார். குடையை மடக்கிக்கொண்டு உள்ளே போனார்.

அக்கா மழையில் நின்றபடி சொன்னாள்: "வாசல்ல வண்டி நின்னா அவர் எழுந்து வந்துடுவார். அதுக்குத்தான் முன்னாடியே எறங்கறது. எங்காத்துல ரெண்டு பொண்ணு."

அக்காவின் தங்கை, வித்துராவில் பேக்கரி வைத்திருந்த ஒரு கிறிஸ்தவரைக் கல்யாணம் செய்துகொண்டு போயிருந்தாள். அப்பா அவளை இந்தப் படி ஏறக் கூடாது என்று சொல்லியிருந்தார். வித்துராவுக்கு நினைத்தால் பஸ் ஏறிப் போய்விட்டு மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். யாரும் போகவில்லை. அக்காவும்தான்.

"நீங்களாவது போயிருக்கலாமேக்கா."

"எங்கிட்டகூடச் சொல்லலைடி அவ. கார்த்தால பின்னிவிட்டேன். சாயங்காலம் இல்லை." அவ்வளவு சொல்லிவிட்டு, "போறும். போ, நனையறே" என்றாள்.

அந்த நடனத்தின் முடிவில் கதவு ஏன் சாத்தப்படுகிறது என்று அப்போது புரிந்தது. அப்பாவின் கதவல்ல அது. அக்காவின் கதவு.

இப்போது முதலில் சொன்ன ஒத்திகைக்கு வருகிறேன். தவறாகக் கேட்ட ஒரு சொல்லால் நடனத்துக்கு இன்னொரு முடிவு கிடைத்துவிட்டது. சாத்துவது ஒன்று, சாத்தாமல் திரும்பிப் பார்ப்பது ஒன்று. அரங்கேற்றம் வலியசாலையிலேயே, கோயில் விழாவை ஒட்டி ஒரு கல்யாண மண்டபத்தில். தெரு முழுக்க வரும். இதுவரை மகளின் நிகழ்ச்சி எதற்கும் வராத அப்பாவும் வர வேண்டியிருந்தது. நாலு வீடு தள்ளி நடப்பதற்கு வராமல் இருந்தால் தெரு அதையும் பேசும்.

நான் விளக்குத் தாளுடன் போய் உட்கார்ந்தேன். "எந்த முடிவுன்னு சொல்லுங்கக்கா. எழுதிக்கணும்."

"லிஸ்ட் மாமி வந்துட்டா" என்று என்னைக் கிண்டல் செய்தாள். பிறகு, "சாத்தினா அப்பா ஜெயிச்ச மாதிரி. திறந்து வெச்சா, தெரு முன்னாடி அவரைக் கூண்டுல நிறுத்தின மாதிரி. ரெண்டும் எனக்கு வேண்டாம்."

"அவருக்குக் கதை தெரியுமா?"

"இலை போடற கதைன்னு சொல்லியிருக்கேன்."

"உங்களுக்கு எது வேணும்?"

அவள் பதில் சொல்லாத கேள்விகள் பல உண்டு. பதில் தெரியாத கேள்வி அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். கடைசியில், "அவ கதவைப் பிடிச்சுண்டு நிக்கட்டும். நான் பாத்துச் சொல்றேன். நான் போறும்னு சொன்னா நீ எறக்கு" என்றாள்.

தாளில் இப்படி எழுதினேன்: கடைசி விளக்கு — 'போறும்' என்ற சொல்லுக்கு.

அரங்கேற்றத்தன்று மழை இல்லை. மண்டபம் நிறைந்துவிட்டது. முதல் வரிசையில் அப்பா; இஸ்திரி போட்ட வேட்டி, துண்டு. நான் பின்பக்கம் உயரத்தில். அக்கா மேடையின் பக்கவாட்டில், திரைக்குப் பின்னால். ஹெட்செட்டுகளுக்குப் புதிய பேட்டரியை நானே போட்டிருந்தேன்.

பின்னல் வரும்வரை தெரு வழக்கம்போல் பேசிக்கொண்டிருந்தது. தங்கை எழுந்து போனதும் பேச்சு நின்றது. விரல்கள் வெறும் காற்றைப் பின்னத் தொடங்கியபோது எங்கேயோ ஒரு பெண், "ஐயோ" என்று மெல்லச் சொன்னாள். கடைசி இலையில் பரிமாறியபோது தலைகள் முன்னால் வந்தன. அப்புறம், நான் எதிர்பார்க்காதபடி, பல தலைகள் முதல் வரிசையை நோக்கித் திரும்பின. அப்பாவின் முதுகு மட்டும் எனக்குத் தெரிந்தது. அசையவில்லை.

அந்தப் பெண் கதவுக்கு வந்தாள். இரண்டு கைகளையும் இரண்டு பக்கமும் வைத்தாள். புல்லாங்குழல் நின்றது. மிருதங்கத்தில் ஒற்றைத் தட்டு மட்டும் விட்டுவிட்டு வந்தது.

நான் விளக்கை இறக்கும் ஃபேடரில் விரல் வைத்துக் காத்திருந்தேன். அக்கா சொல்லவில்லை.

காபிக்கும் சண்டைக்கும் தாளத்துக்கும் முன்கூட்டியே சொல்பவள் அன்று சொல்லவில்லை. ஹெட்செட்டில் அவள் மூச்சு கேட்டது. "அக்கா" என்றேன். மேடையில் நின்றவளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. சாத்தவும் இல்லை, திரும்பவும் இல்லை. மிருதங்கக்காரர் பக்கவாட்டில் பார்த்தார். நாற்காலிகள் கிறீச்சிட்டன.

அப்போது முதல் வரிசையிலிருந்து குரல் வந்தது.

"போறும்."

அவர் கத்தவில்லை. எழுந்திருக்கவும் இல்லை. பந்தியில் ரசம் ஊற்ற வருபவரைத் தடுக்க இலைக்கு மேல் கையை விரிப்பது போல், வலது கையை முன்னால் நீட்டியிருந்தார். எதிரில் இலை இல்லை.

வலியசாலைக்காரர்கள் அதைத் தங்கள் தமிழில் கேட்டார்கள். மேடையில் இருந்த பெண் அவள் மொழியில் கேட்டாள். அவள் தோள்கள் இறங்கின. கதவின் இரண்டு பக்கங்களையும் மெதுவாக விலக்கினாள். ஓர் ஆள் நுழையும் அகலத்துக்கு. விலகி நின்றாள், வழி விடுகிறவளைப் போல. இதை யாரும் அவளுக்கு அமைத்துக் கொடுக்கவில்லை.

நான் விளக்கை இறக்கினேன். சொல் வந்துவிட்டது. யார் வாயிலிருந்து வர வேண்டும் என்று என் தாளில் எழுதியிருக்கவில்லை.

கைதட்டல் நெடுநேரம் இருந்தது. கேபிள்களைச் சுருட்டிக்கொண்டு நான் முன்பக்கம் வந்தபோது அப்பாவைச் சுற்றிச் சிலர் நின்றார்கள். விழாவுக்கு வெளியிலிருந்து வந்த ஒரு மலையாளி அம்மாள் அவர் எதிரில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அச்சன் அது பறஞ்ஞப்போள் எனிக்குக் கரச்சில் வந்நு. அவள் போரும், அல்லே?"

அவர் நடிக்க வந்தவர் என்று நினைத்துவிட்டாள். அப்பா பிறந்தது இந்த ஊரில். ஆயுள் முழுக்க அலுவலகத்தில் மலையாளத்தில் கோப்பு எழுதியவர். தான் சொன்னது என்ன, அவள் கேட்டது என்ன என்று அவருக்குத் தெரியாமல் இருக்க வழியே இல்லை. அவளைத் திருத்துவார் என்று எதிர்பார்த்தேன். அடுத்தவர் இலக்கணத்தைத் திருத்தாமல் விடாத மனிதர்.

"ம்" என்றார்.

அக்கா பக்கத்தில் நின்று அதைக் கேட்டாள். முகத்தில் ஒன்றும் இல்லை. கை மட்டும் புடவைத் தலைப்பின் நுனியை மூன்றாகப் பிரித்துப் பின்னிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு நடந்தோம். அவர்கள் முன்னால், நான் கேபிள் பையுடன் பின்னால். பாதி வழியில் அப்பா கேட்டார்:

"கடைசி இலையில அவ்வளவு நேரம் பரிமாறணுமா?"

"ஏன்ப்பா?"

"சாதம் ஆறிடும்."

அக்கா வாசல்வரை வந்து நின்றுவிட்டு, என்னைப் பார்த்து, "நாளைக்கு என்னை வாசல்லயே எறக்கி விடு" என்றாள்.

அடுத்த அழைப்பு ஒரு மாதத்துக்குள் கொல்லத்திலிருந்து வந்தது. அழைத்தவர் என்னிடம்தான் கேட்டார்: "ஆ அச்சன்ட வேஷம் செய்த ஆளும் வருமல்லோ?" நான் அதை அக்காவிடம் சொன்னேன், அக்கா அப்பாவிடம் சொன்னாள்.

"வேஷமா?" என்று அவர் எரிந்து விழுந்தார். "நான் என்ன கூத்தாடியா?"

"அப்ப வேண்டாம்னு சொல்லிடறேன்."

"நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். எத்தனை மணிக்கு வண்டி?"

அக்கா சில வருடங்களுக்குப் பிறகு திருச்சூரில் ஒரு நடனப் பள்ளிக்குப் போய்விட்டாள். போன் செய்வாள், நான் "அப்ப சரிக்கா" என்பதற்குள் வைத்துவிடுவாள். அவள் போன பிறகு பலருடைய நடனங்களுக்கு விளக்கு போட்டிருக்கிறேன். எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும் நடனங்களே அதிகம். அவற்றில் நான் கடைசி விளக்கை ஒரு மூச்சு முன்னால் இறக்கிவிடுகிறேன். இதுவரை யாரும் குறை சொன்னதில்லை.

இப்போதைய நிலவரம் இது. தங்கை வலியசாலைக்கு வரவில்லை. அப்பா வித்துராவுக்குப் போகவில்லை. வாசலில் வண்டி நின்றால் இன்னும் எழுந்து வருகிறார். அந்த நடனத்தை, அழைத்த ஊர்களில், இன்னும் அதே பெண்தான் ஆடுகிறாள். கடைசிச் சொல்லை முதல் வரிசையில் உட்கார்ந்து, கையை நீட்டி, அப்பாவே சொல்கிறார். எந்த மொழியில் சொல்கிறார் என்று யாரும் அவரைக் கேட்டதில்லை.